இரும்பைத் தேடி வரும் என்று சொன்னேன்

மஸ்ஜித் தானா என்ற ஊரிலிருந்து அந்த இரும்புக் கோபுரம் லாரியில் வந்து இறங்கிய அன்று என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இடி இடிச்சா?" கேட்டுவிட்டு என் பதிலுக்குக்கூட நிற்காமல் உள்ளே போய்விட்டாள். லாரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் துண்டுகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தேன். எண்ணுவதற்கு என்ன இருக்கிறது, மொத்தமே நாலு துண்டு. ஒவ்வொன்றும் பத்தடி, முக்கோணமாக வெல்ட் செய்து துத்தநாகப் பூச்சு போட்டது. ஒன்றின் மேல் ஒன்றாகப் போல்ட் போட்டு நிறுத்தினால் நாற்பது அடி வரும்.

உச்சியில் ஏரியல், கீழே அறையில் ரேடியோ. அதை வைத்துக்கொண்டு ஜப்பான்காரனோடும் ரஷ்யாக்காரனோடும் பேசுவதுதான் என் பொழுதுபோக்கு. அமெச்சூர் ரேடியோ என்பார்கள். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவன் நான், சும்மா இல்லை. பதினைந்து வருஷமாகக் கூரை மேல் ஒரு கம்பியைக் கட்டிக்கொண்டு, பாதி கேட்டும் பாதி கேட்காமலும் காலம் தள்ளினேன். எதிர்முனையில் இருப்பவன் "திரும்பச் சொல், திரும்பச் சொல்" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்து பெரண்டாம் ஊரில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் டெக்னீஷியன் நான். எதையும் அரைகுறையாக விட்டுவைக்கப் பிடிக்காது.

கோபுரத்தைக் கொடுத்தவர் மலாய்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மலாயில் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல் நாங்களும் அவரைச் சிக்கு என்றுதான் கூப்பிடுவோம். இந்த ரேடியோவில் என்னைவிடப் பழம் தின்று கொட்டை போட்டவர். மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறேன், அங்கே அடுக்குமாடி, நீ எடுத்துக்கொள் என்றார். கரும்பு தின்னக் கூலியா? எங்களுடையது மலாக்காவில் பெம்பான் பக்கம் ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், மூலை வீடு. பக்கவாட்டில் நிலம் சும்மாதான் கிடந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

காரணம் உள்ளே அடுப்படியில் இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. ஜாசின் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஒரு மத்தியானம் லயத்து வீடுகளுக்கு முன்னால் இருந்த திடலில் நடந்து வரும்போது இடி விழுந்து இறந்துபோனார். அப்போது என் மனைவிக்கு ஒன்பது வயது. பெண் பார்க்கப் போன அன்றே இதைச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கு இடின்னா கொஞ்சம் பயம், பாத்து நடந்துக்குங்க தம்பி என்று அவளுடைய அத்தை என்னிடம் தனியாகச் சொன்னார். கொஞ்சம் என்று அவர் சொன்னது மரியாதைக்கு.

வானம் கறுத்தால் அவள் ஒரு வேலையில் இறங்குவாள். வெளியே இருக்கும் இரும்பை எல்லாம் பொறுக்கி உள்ளே கொண்டுவருவாள். மண்வெட்டி, தேங்காய் உடைக்கும் கத்தி, என் ஸ்பேனர்கள், பூந்தொட்டி வைக்கும் ஸ்டாண்டு, ஒரு ஆணி கீழே கிடந்தால் அதுவும். குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் குவித்து மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடுவாள். போனைத் தொடமாட்டாள், தொடவும் விடமாட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் உட்காருவாள்.

இதில் எனக்கு வேடிக்கை என்னவென்றால், எங்கள் அம்மா செய்தது நேர் எதிர். இடி இடித்தால் அம்மா அரிவாளை எடுத்து வாசலில் வீசுவார். "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லிக்கொண்டே வீசுவார். இரும்பு வெளியே கிடந்தால் இடி அதில் விழுந்துவிட்டு வீட்டை விட்டுவிடும் என்பது நம்பிக்கை. எஸ்டேட்டில் பாதி வீட்டு வாசலில் மழை நாளில் ஒரு கத்தியோ கடப்பாறையோ கிடக்கும். நான் பார்த்த தமிழ் வீடுகளில் இரும்பை உள்ளே கொண்டுபோன ஒரே ஆள் என் மனைவிதான். ஊரே இரும்பை வெளியே போடுது, நீ மட்டும் உள்ள வச்சுப் பூட்டுறியே, இடி என்ன திருடனா என்று எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அவள் சிரிக்கவும் மாட்டாள், கோபிக்கவும் மாட்டாள். சாக்கை இழுத்துச் சரி செய்வாள்.

ஒரே ஒரு தடவைதான் கோபித்தாள். கல்யாணமான புதிதில் கையிலிருந்து ஸ்பேனர் நழுவிக் கால் விரலில் விழுந்துவிட்டது. வலியில் அந்த ஸ்பேனரைப் பார்த்து, உன் தலைல இடி விழ என்று திட்டினேன். எல்லார் வாயிலும் வருகிற வசவுதானே. மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது.

அப்படிப்பட்டவள் தலைக்கு மேல்தான் நாற்பது அடி இரும்பை நிறுத்தப் புறப்பட்டேன். உள்ளே கொண்டுபோய்ச் சாக்குப் போட்டு மூட முடியாத இரும்பு.

நாலு மாதம் துண்டுகள் பின்பக்கம் கிடந்தன. நாலு மாதமும் அவளுக்குப் பாடம் நடத்தினேன். அவள் தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் உதவியாளர், ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் நாலு மணிக்கு வந்ததும் ஆரம்பித்துவிடுவேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வீட்டை வரைந்தேன், கோபுரத்தை வரைந்தேன், மேகத்திலிருந்து வளைந்து வளைந்து ஒரு கோடு. இங்க பாரு, இடி இரும்பைத் தேடித்தான் வரும், அதோட குணமே அது. நம்ம வீட்டைச் சீந்தாது, உன்னையும் என்னையும் சீந்தாது. நேரா வந்து இந்த இரும்புல விழும், இது அதை அப்படியே மண்ணுக்குள்ள இறக்கிடும். கோபுரம் இருக்கிறதுதான் நமக்குப் பாதுகாப்பு. இதைத்தான் விதவிதமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், அவரிடம் மலாயில் சொன்னேன். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் சொன்னேன். அவர் பாயசத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

அவள் ஒவ்வொரு தடவையும் முழுசாகக் கேட்பாள். ஒரு நாள் அந்தத் தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். "இரும்பைத் தேடித்தான் வருமா? நெசமாவா?" என்றாள். நெசமாத்தான், புஸ்தகத்துலயே இருக்கு என்றேன். தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள். பிள்ளைகள் இரண்டும் சிங்கப்பூரில் வேலையில் இருந்ததால் வீட்டில் நாங்கள் இருவர்தான். அவளுக்குப் பாடம் மண்டையில் ஏற ஆரம்பித்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வாரம் அவளே வந்து சொன்னாள். "நட்டுக்குங்க. ஆனா இடி வந்தா அது படுத்துடணும். நிக்கக் கூடாது."

அதற்கு வழி இருந்தது. சிக்குவின் கோபுரத்துக்கு அடியில் கதவுக்கு இருப்பதுபோல் கீல் உண்டு. கையால் சுற்றும் ஒரு வின்ச்சை வைத்து இரும்புக் கயிற்றை விட்டுக்கொண்டே போனால் கோபுரம் மெல்லச் சாய்ந்து தரையில் படுத்துவிடும். இருபது நிமிஷ வேலை. சரி என்றேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவன் நான், அவள் சொன்ன ஒரு நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டதையே பெரிய விட்டுக்கொடுத்தலாக நினைத்துக்கொண்டேன்.

நாலடி ஆழம் தோண்டினோம். ஃபேக்டரி நண்பர்கள் இரண்டு பேர் வந்து உதவினார்கள். களிமண், மண்வெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் எலுமிச்சம்பழமும் நவதானியமும் குழியில் போட வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டேன். தட்டை வாசல்வரை கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். சூடத்தை நானே ஏற்றினேன். கான்கிரீட் இறுக மூன்று வாரம் விட்டோம். பிறகு எட்டடிச் செம்புத் தண்டு மூன்றைக் கோபுரத்தைச் சுற்றி அடித்து இறக்கிச் செம்புப் பட்டையால் இணைத்தேன். இடி விழுந்தால் மண்ணுக்குப் போகும் வழி அதுதான். மீட்டர் வைத்துப் பார்த்தேன், அளவு அருமையாக இருந்தது. அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிக்கு நேரில் வந்து நின்று ஏற்றிக் கொடுத்தார். பெலான் பெலான், மெதுவா மெதுவா என்று அவர் சொல்லச் சொல்ல நான் வின்ச்சைச் சுற்றினேன். கோபுரம் எழுந்து நின்றது. கோபுரத்தை இழுத்துப் பிடிக்கும் கயிறுகளைத் தட்டிப் பார்த்துச் சிக்கு தலையாட்டினார். மக்சிக் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, இனிமேல் எங்கள் டிவி நன்றாகத் தெரியுமா என்று கேட்டார். அன்று மத்தியானமே ஒரு ஆஸ்திரேலியாக்காரன் பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டான். எனக்குப் பரம சந்தோஷம். மறைத்து என்ன ஆகப்போகிறது, பிள்ளைகள் பிறந்தபோதுகூட நான் அவ்வளவு பேருக்குப் போன் போடவில்லை.

அதற்குப் பிறகு நான் வீட்டில் இருக்கும்போது வானம் கறுத்தால் கோபுரத்தைப் படுக்க வைத்தேன். முதல் மாதம் ஒழுங்காகச் செய்தேன். மலாக்காவில் மத்தியான மழைக்கு என்ன பஞ்சம், வாரத்தில் மூன்று நாள் படுக்க வைப்பதும் தூக்குவதுமாக இருந்தது. இரண்டாவது மாதம் முணுமுணுக்க ஆரம்பித்தேன். மூன்றாவது மாதம், தூரத்துல இடிக்குது, இங்க வராது என்று சொல்லி விட்டுவிடுவேன். அவள் சண்டை போடவில்லை. நான் வின்ச் சுற்றும்போது மட்டும் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். வேறு நேரங்களில் அந்தப் பக்கத்துக் கதவைத் திறப்பதே இல்லை. துணி காயப்போடும் கொடியை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

அந்த நாள் காலையில் ஒரு நண்பரோடு பேசிவிட்டு அப்படியே கிளம்பிவிட்டேன். கோபுரம் நின்றுகொண்டிருந்தது. போனில் வானிலை பார்த்தேன், மழை இல்லை என்றது. மூன்று மணிக்கு வேலை முடிந்து காரை எடுத்தபோது பெம்பான் பக்கம் வானம் சட்டிக் கரி மாதிரி இருந்தது. பாதி வழியில் மழை கொட்ட ஆரம்பித்தது, மின்னல் வெட்டி வெட்டி விழுந்தது. வீட்டுக்கு ஒரு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. இடி நேரத்தில் அவள் எடுக்கமாட்டாள் என்பது தெரிந்ததுதானே. மக்சிக் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். வழியில் ஒரு ஒட்டுக்கடையில் காரை நிறுத்தி ஒரு தேத்தண்ணி, இரண்டு கறிபாப் சாப்பிட்டேன். கோபுரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, எர்த் நன்றாக இருக்கிறதே. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். கடைக்காரரோடு பந்து விளையாட்டைப் பற்றிப் பேசினேன்.

மழை கொஞ்சம் விட்டதும் கிளம்பினேன். வீட்டு கேட்டைத் திறக்க இறங்கியவன் நிமிர்ந்து பார்த்தேன். கூரைக்கு மேல் ஒன்றுமில்லை.

விழுந்துவிட்டதோ என்று பக்கவாட்டுக்கு ஓடினேன். விழவில்லை. ஒழுங்காகத் தாங்கு கட்டை மேல் படுத்திருந்தது. வின்ச்சுக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். புடவை ஒட்டி, முடி அவிழ்ந்து, கைப்பிடியை இன்னும் விடாமல் பிடித்தபடி. இன்னும் தூரத்தில் இடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் தெருவே கேட்கும்படி கத்தினேன். "அறிவிருக்கா உனக்கு? இடி இடிக்கும்போது இரும்பைப் பிடிப்பாங்களா? செத்திருப்படி!"

"நீங்க வர்ற நேரமாச்சு," என்றாள்.

கையைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் வந்து உடைந்திருந்தது. உள்ளே கூட்டிப்போய்த் துண்டைக் கொடுத்து, அடுப்படி நாற்காலியில் உட்கார வைத்தேன். எப்படித் தெரியும் உனக்கு என்று கேட்டேன். ஜன்னலில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டாளாம். எந்தக் கொக்கியை முதலில் கழற்றுவது, எந்தப் பக்கம் சுற்றுவது, எத்தனை சுற்று என்பதுவரை. இருநூற்றுப் பத்துச் சுற்று என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நான் ஒரு நாளும் எண்ணியதில்லை.

பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் சொல்லாததைச் சொன்னாள். அந்த மத்தியானம் அவளுடைய அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். வானம் கறுத்து இடிக்க ஆரம்பித்திருக்கிறது. அம்மா எப்போதும் செய்வது அவளுக்குத் தெரியும். அப்பாவின் பழைய பால் வெட்டும் கத்தி கதவுக்குப் பின்னால் தொங்கும். அதை எடுத்து "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லி வாசலில் வீசியிருக்கிறாள். பெரிய மனுஷி மாதிரி வீட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று கதவருகே நின்றிருக்கிறாள். அப்போதுதான் அப்பா திடலைத் தாண்டி வந்திருக்கிறார். கத்தி கிடந்த இடத்துக்கும் அவர் விழுந்த இடத்துக்கும் நாலு எட்டு. ஆட்கள் ஓடி வருவதற்குள் இவள் ஓடிப்போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று.

அதிலிருந்துதான் அவள் இரும்பை உள்ளே கொண்டுபோகிறாள். இடி என்ன திருடனா என்று நான் கிண்டல் செய்தேனே, அது.

அவள் துண்டின் ஓரத்தைத் திருகிக்கொண்டே சொன்னாள். "அது என்னாலயா, இல்லையான்னு எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. இல்லாமயும் இருக்கும்னு நெனச்சுக்குவேன். அப்படித்தான் இவ்வளவு காலம் ஓட்டினேன். நீங்கதான சொன்னீங்க, படம் போட்டுக் காட்டினீங்க. இரும்பைத் தேடித்தான் வரும்னு."

நாலு மாதம். தினமும். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வரைந்து வரைந்து, உன் அப்பனைக் கொன்றவள் நீதான் என்று நான் அவளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அவள் சாப்பிடாமல் போன அந்த ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது. நான் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அப்புறம் பேசினேன். நான் சொன்னது பாதிப் பொய் என்றேன். இடி தேடுவது இரும்பை இல்லை, உயரத்தை. கோபுரத்தில் விழும் என்றால் அது நாற்பது அடி நிற்பதால்தான். மரக்கோபுரமாக இருந்தாலும் விழும். தரையில் கிடக்கிற ஒரு ஜாண் கத்திக்காக இடி வராது. திறந்த திடலில் நடந்து வருகிற ஆள்தான் அங்கே உயரம். கத்தி இருந்தாலும் அவர் போயிருப்பார், இல்லாவிட்டாலும் போயிருப்பார். ஃபேக்டரியில் புதிதாக வந்தவனுக்கு விளக்குவதுபோல் நிதானமாகச் சொன்னேன்.

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"கோபுரம் வேணுங்கிறதுக்காகச் சொன்னேன்," என்றேன். வேறு என்ன சொல்வது, அதுதான் உண்மை.

அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கேற்றப் போய்விட்டாள். நான் கோபுரத்தைத் தூக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அது அப்படியே படுத்துக் கிடந்தது, மக்சிக் வீட்டுப் பூனை அதன் மேல் நடந்து பழகிவிட்டது. சிக்கு போன் செய்து ஏன் ரேடியோவில் ஆளையே காணோம் என்று கேட்டார். வேலை என்றேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை. நாலு மணி இருக்கும், வானம் கறுத்தது. அவளுக்கு முன்னால் நான் எழுந்து இரும்பைப் பொறுக்கப் போனேன். அப்போதெல்லாம் அதை நான்தான் செய்துகொண்டிருந்தேன். மண்வெட்டியை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினால், அவள் அடுப்படியிலிருந்து காய் நறுக்கும் கத்தியோடு வந்தாள். வாசல்படியில் நின்றாள். வாய் அசைந்தது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கத்தியை வாசலில் வீசினாள். சிமெண்டில் விழுந்து ஒரு தரம் சுழன்று நின்றது.

கதவைச் சாத்தவில்லை. நின்று பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நானும் நின்றேன். மழை வந்தது, மின்னல் வந்தது, தாமானுக்குப் பின்பக்கம் எங்கேயோ பலமாக இடித்தது. எல்லாம் தெரிந்த டெக்னீஷியன் நான். ஆனாலும் ஒவ்வொரு மின்னலுக்கும் என் கண் அந்தக் கத்திக்குத்தான் போனது. கத்தி மழையில் நனைந்துகொண்டு சும்மா கிடந்தது.

மழை விட ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் இறங்கிப்போய்க் கத்தியை எடுத்து வந்தாள். குழாயில் கழுவி, முந்தானையில் துடைத்து, அதே கத்தியால் அன்றைய குழம்புக்குக் கத்திரிக்காய் நறுக்கினாள்.